வெடித்துப்போன மல்லாட்டை ரொட்டி

அத்தைக்குச் சர்க்கரை ஏறியதும், கடலூரில் எங்கள் வீட்டுக் கோதுமை மாவு டப்பா பரணுக்குப் போனது. வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைப் பொடித்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து ரொட்டி தட்டினேன். தட்டும்போதே ஓரமெல்லாம் சித்திரை மாத ஏரி மாதிரி வெடித்தது. தோசைத் திருப்பியை நுழைத்ததும் நாலாக உடைந்தது.

இத்தனைக்கும் மல்லாட்டையில் கோதுமையைவிட இரண்டு மடங்கு புரதம் இருக்கிறது. பிறகு ஏன் ஒட்டவில்லை?

ஒரு உருண்டை சப்பாத்தி மாவைக் குழாயடியில் பிசைந்து பிசைந்து கழுவிப் பாருங்கள். பால் மாதிரி ஓடிவிடுவது மாவுச்சத்து. கையில் பபுள்கம் போல மிஞ்சுவது க்ளூட்டன். க்ளூட்டெனின், க்ளையாடின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் பின்னிக்கொண்டு உண்டாகும் வலை அது. மல்லாட்டைப் புரதத்துக்கு இந்தப் பின்னல் வராது. சர்க்கரையை ஏற்றுவது பெரும்பாலும் அந்த ஓடிப்போன பால்தான்; ரொட்டியைக் கிழியாமல் காப்பது கையில் நின்ற வலை.

வலைக்கு மாற்று மருந்துக்கடையில் கிடைத்தது: மலச்சிக்கலுக்கு வாங்கும் இசப்கோல் உமி. அதன் நார், தண்ணீரை இழுத்துச் சப்ஜா விதை போலக் கொழகொழவென்று ஊறும். ஒரு கப் பொடிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் விட்டேன். ரொட்டி உடையாமல் புரண்டது.

தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையைக் காயவைத்துப் பொடித்தாலும் மாவுதான். ஆனால் அதில் நார் மிக அதிகம். விட்ட தண்ணீர் போகும் இடம் தெரியாது. கோதுமை அளவில் கால் பங்கு போதும், கூடவே முட்டை வேண்டும். சூட்டில் முட்டைப் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

பக்கத்தில் பண்ருட்டி இருக்கிறதே, முந்திரி மாவு ஆகாதா? குருமா முந்திரி விழுதில் கெட்டியாவதற்கு அதிலுள்ள மாவுச்சத்தும் ஒரு காரணம். நார் போக, 100 கிராம் முந்திரியில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 25 கிராமைத் தாண்டும்; பாதாமில் 10 கிராமுக்குள். கோதுமை மாவில் 60-க்கு மேல். சரி, பாதாமிலும் மல்லாட்டையிலும் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். இரண்டு ரொட்டியோடு எழுந்துவிட வேண்டும்.

புதுச்சேரி பிரெஞ்சு ரொட்டி இப்படி வராது. ஈஸ்ட் விடும் காற்றைப் பலூன் போலப் பிடித்துவைக்க க்ளூட்டன் வேண்டும். பாதாம் மாவில் செய்தால் கேக் மாதிரிதான் இருக்கும். பரோட்டாவும் அப்படியே. வீசி இழுத்தால் இசப்கோல் கூழ் அறுந்துவிடும். இதை விளக்கியபோது அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஞாயித்துக்கிழமை பாதி பரோட்டா வாங்கிக் குடு" என்றார்.