முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: அரசு ஆஸ்பத்திரியிலும் ஏன் காட்ட வேண்டும்?

"ஜி.எச்.சில் எல்லாமே இலவசம்தானே, அங்கே கார்டு எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். ஏழைகளின் வைத்தியத்துக்கான பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அரசு கொடுப்பது சரியா என்ற பழைய வாதத்துக்கான பதிலில் பாதி இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைந்த பிறகு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு இந்த வரம்பு 72,000. இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யலாம். நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

பிரீமியத்தை அரசே கட்டிவிடுகிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரிக்கு அது போய்ச் சேரும். தனியார் ஆஸ்பத்திரி என்றால் அவர்களுக்கு, ஜி.எச். என்றால் ஜி.எச்.சுக்கே. அங்கே அந்தப் பணத்தில் கருவிகள் வாங்குகிறார்கள், டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊக்கத்தொகை தருகிறார்கள். கார்டைக் காட்டாமல் நீங்கள் ஆபரேஷன் செய்துகொண்டால் பிரீமியமும் அரசு கட்டியது, ஆபரேஷன் செலவும் அரசின் தலையில். அதனால்தான் அட்மிஷன் போட்டதுமே வார்டில் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தயங்காமல் கொடுங்கள்.

இந்தப் பிரீமியத் தொகை மொத்தத்தையும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கே செலவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதேசமயம், இதய ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்குப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் கதவைத் திறந்துவிட்டது இந்தக் கார்டுதான். அதைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. ஆனால் சாதாரண ஓ.பி. சிகிச்சைக்கு இது உதவாது. மாதாமாதம் வாங்கும் சுகர், பிரஷர் மாத்திரைக்குக் காப்பீடு இல்லை. கூலி வேலைக்குப் போகிறவரின் கையைக் கடிப்பது பெரும்பாலும் அந்தச் செலவுதான். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருவது அதற்காகத்தான். கூடுதல் நிதி வருமானால் முதலில் அங்கேதான் போக வேண்டும் என்பேன். மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால் பலருக்கு ஆபரேஷன் வரை போகவே வேண்டியிருக்காது.

இன்னொன்று. தனியாரில் சேரும்போது, உங்கள் சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, முன் அனுமதி வந்துவிட்டதா என்று காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். அனுமதித்த சிகிச்சைக்குப் படுக்கை, மருந்து, பரிசோதனை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். டிஸ்சார்ஜ் நேரத்தில் "மேற்கொண்டு இவ்வளவு கட்டுங்கள்" என்றால், எதற்கு என்று கேட்டு ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் அங்கிருந்தே 1800 425 3993க்கு போன் செய்யுங்கள், கட்டணமில்லா எண்தான்.