ஹங்கேரியில் செய்தித்தாள்கள் கைமாறிய விதம்

1989-90இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்ததும் ஹங்கேரியில் தணிக்கையும் போனது. கட்சியின் பிடியில் இருந்த நாளிதழ்களை ஜெர்மன், சுவிஸ், ஆஸ்திரிய நிறுவனங்கள் வாங்கின. ஆனால் நாட்டின் மக்கள்தொகையே சுமார் ஒரு கோடி. விளம்பரச் சந்தை மிகச் சிறியது. 2008 நெருக்கடியில் விளம்பர வருமானம் சரிந்தபின் வெளிநாட்டு முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டத் தொடங்கினார்கள். 2010இல் மூன்றில் இரண்டு பங்கு பலத்துடன் ஆட்சிக்கு வந்த விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ் கட்சிக்கு அது தோதாகப் போயிற்று.

முதல் பிடி, உரிமம். புதிய சட்டப்படி அமைந்த ஐவர் ஊடகக் கவுன்சிலை நாடாளுமன்றம் 9 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும். முதல் கவுன்சிலின் ஐவருமே ஃபிடெஸ் நிறுத்தியவர்கள். நிகழ்ச்சி ஒதுக்கீடு பற்றிய அறிக்கையைத் தாமதமாகத் தந்தது போன்ற சில்லறை விதிமீறல்களைக் காட்டி, அரசை விமர்சித்துவந்த க்ளூப்ராடியோவின் உரிமத்தை நீட்டிக்கக் கவுன்சில் மறுத்தது. 2021 பிப்ரவரி 14 நள்ளிரவோடு அதன் பண்பலை ஒலிபரப்பு நின்றது.

அதிகம் கவனிக்கப்படாத பிடி, அரசுச் செய்தி நிறுவனமான எம்.டி.ஐ. 2011 முதல் அது தன் செய்திகளை எல்லோருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கியது. கேட்க நல்ல காரியம்தான். ஆனால் காசு வாங்கிச் செய்தி விற்கும் போட்டி நிறுவனம் இலவசத்தோடு எப்படி மோதும்? நிருபர் வைக்க வசதியில்லாத சிறிய வானொலிகள் எம்.டி.ஐ. வரிகளையே எடுத்து வாசித்தன. எதைச் செய்தியாக்குவது, எதை விடுவது என்ற முடிவு ஒரே அலுவலகத்தில் குவிந்தது. பொய் எழுதக்கூடத் தேவையில்லை, விட்டுவிட்டாலே போதும்.

அடுத்தது பணம். அரசு விளம்பரங்கள் வாசகர் எண்ணிக்கையைப் பார்க்காமல் ஆதரவு ஊடகங்களுக்கே போயின. எஞ்சியவை நஷ்டத்தில் தள்ளாடியபோது வாங்க ஆள் தயாராக இருந்தது. 2016 அக்டோபர் 8, சனிக்கிழமை. முன்னணி எதிர்க்குரல் நாளிதழான நேப்சபாட்சாக் புது அலுவலகத்துக்கு மாறுவதற்காகப் பெட்டி கட்டி வைத்திருந்தது. வேலைக்கு வர வேண்டாம் என்ற கடிதம் ஊழியர்களின் வீட்டுக்குப் போனது. நிர்வாகம் சொன்ன காரணம் நஷ்டம். அதே மாதம் 25ஆம் தேதி, அதன் தாய் நிறுவனம் மீடியாவொர்க்ஸ், ஓர்பானின் நண்பர் லோரின்ட்ஸ் மேசாரோஷுடன் தொடர்புள்ள நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் 18 மாவட்ட நாளிதழ்களும் ஆளுங்கட்சி நண்பர்கள் கையில்.

2018 நவம்பர் 28 அன்று இந்த முதலாளிகள் 400க்கும் மேற்பட்ட ஊடகங்களைக் கேஷ்மா என்ற அறக்கட்டளைக்குத் தானமாகவே கொடுத்தார்கள். இவ்வளவு பெரிய இணைப்பை, சந்தை ஒரே கையில் குவியாமல் பார்க்கும் போட்டி ஆணையம் ஆராய்ந்தாக வேண்டும். ஒரே வாரத்தில், டிசம்பர் 5 அன்று, 'தேசிய முக்கியத்துவம்' என்று அரசாணை போட்டு அந்த ஆய்வையும் தவிர்த்துவிட்டார்கள். என் பார்வையில் மொத்தக் கதையிலும் ஆகக் கெட்டது இதுதான், காவலாளியையே ஆணை போட்டு வெளியே அனுப்பிய செயல்.

இணையத்தில் மட்டும் இந்தப் பிடி நழுவியது. அதற்கு அலைவரிசை உரிமம் வேண்டாம். 2020இல் இன்டெக்ஸ் என்ற செய்தித் தளத்தின் தலைமை ஆசிரியர் நீக்கப்பட்டதும் 70க்கும் மேற்பட்டோர் விலகி, வாசகர் நன்கொடையில் டெலெக்ஸ் தளத்தைத் தொடங்கினார்கள். சிறார் இல்லப் பாலியல் குற்றத்தை மறைக்க உதவியவருக்குக் குடியரசுத் தலைவர் காட்டலின் நோவாக் மன்னிப்பு வழங்கியதை 444 என்ற செய்தித் தளம் 2024 பிப்ரவரி 2 அன்று வெளியிட்டது. எட்டே நாளில் அவர் பதவி விலகினார்.