வயலின் வாய் பிளந்தா சூப்பர் குளூ போடாதீங்க

கச்சான் எண்ட காஞ்ச காத்து தொடங்கினா வயலின் செஞ்சு திருத்துற எனக்கு வேல கூடும். மாரிக்குள்ள மட்டக்களப்பு வாவிக்கரை ஈரத்தக் குடிச்சு உப்பின மரம் இந்தக் காத்தில சுருங்கும், மேல் பலகையும் பக்கப் பலகையும் சேர்ற இடத்தில மெல்லிசா ஒரு வாய் பிளக்கும், வாசிக்கக்குள்ள கர்ர்ர் எண்டு இரையும். உடன கடைக்குப் போய் சூப்பர் குளூ வாங்கி ரெண்டு சொட்டு விட்டு அமத்திடுறாங்க.

போன கிழம ஒரு ஐயா வந்தாரு, போத்துக்கீச, ஒல்லாந்த வழி வந்த பறங்கிக் குடும்பம், அவர்ட அப்பப்பா கலியாண வீடுகள்ல கபிரிஞ்ஞா எண்ட அவங்கட ஆட்டத்துக்கு வாசிச்ச வயலினாம். "போத்துக்கீசர் கப்பல்ல வந்தது தம்பி, உள்ளுக்குப் பாருங்க" எண்டாரு. பார்த்தா ஸ்ட்ராடிவாரியஸ் லேபல், அதான் ஸ்ட்ராடிவாரி எண்ட பேர்போன இத்தாலி வயலின் ஓடாவிட பேர். ஐயா, போத்துக்கீசரிட்ட இருந்து ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையப் பிடிச்சது 1638ல, ஸ்ட்ராடிவாரி பிறந்ததே 1644 அளவிலதான் எண்டன். மனுசன்ட முகம் விழுந்திட்டு. 19ம் நூற்றாண்டில ஜேர்மன் பட்டறைகள்ல ஆயிரக்கணக்கா செஞ்சு, இன்னார்ட மாடல் எண்டு காட்ட ஒட்டின லேபல் அது. கோடிக்குப் போகாது, ஆனா நல்ல மரம், நல்ல கை வேல.

அவருக்கு அதவிட பெரிய நட்டம் வயலின்ட மூலையில கிடந்திச்சு. நாலு இஞ்சிக்கு சூப்பர் குளூ.

வயலின் ஒட்டுறது வச்சிரத்தால. மாட்டுத் தோல் வச்சிரம்தான், பழைய ஓடாவிமாருக்குத் தெரியும், தண்ணியில ஊறப்போட்டு 60 பாகை அளவில சூடாக்கித் தடவுறது. சூடும் ஈரமும் காட்டினா திரும்ப விட்டுரும். அது குறை இல்ல, வேணுமெண்டே அப்பிடி, ஏனெண்டா மேல் பலகை மூண்டு மில்லிமீட்டர்கூட வராத ஸ்ப்ரூஸ் எண்ட மெது மரம், அது சுருங்கக்குள்ள எங்கயாவது ஒண்டு விட்டுக் குடுக்கணும், வச்சிரம் விட்டா நான் அரை மணித்தியாலத்தில ஒட்டித் தருவன், வச்சிரம் விடாட்டி பலகை வெடிக்கும். ஐயாட வயலின்ல சூப்பர் குளூ முடியிற இடத்தில இருந்து சரியா ஒரு வெடிப்பு ஓடியிருந்திச்சு. சுத்திவர மத்த இடமெல்லாம் மெல்லிசு கத்தியாலயே கழண்டிட்டு, அந்த நாலு இஞ்சிக்கு மூண்டு நாள். கழண்டதும் மரத்த உரிச்சிக்கிட்டுத்தான் கழண்டது.

நான் பழைய மாடல், அதான் பரோக் வயலினும் செய்யிறன். பழைய வாத்தியத்தத் திரும்ப செய்யிற கிறுக்கு நம்ம பக்கத்துக்குப் புதுசில்ல, காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் நூல்கள வச்சே யாழுக்குக் கணக்குப் போட்டு 1947ல யாழ் நூல் தந்தவரு. அவருக்குக் கையில தூக்கிப் பார்க்க ஒரு பழைய யாழ் இல்ல. வயலினுக்கு அந்தப் பஞ்சம் இல்ல எண்டு நினைப்பீங்க, ஆனா ஸ்ட்ராடிவாரி காலத்து வயலின்ல அனேகமா எல்லாத்திலயும் பின்னால வந்தவங்க கழுத்த மாத்தி சாய்ச்சு வச்சிட்டாங்க, மேல் பலகைக்கு உள்பக்கம் நெடுக ஒட்டியிருக்கிற பேஸ் பார் எண்ட கட்டையையும் பெருசாக்கிட்டாங்க. பழைய மாடல்ல கழுத்து நேராக் கிடக்கும், பார் சின்னன், ஆட்டுக்குடல் நரம்புக்குக் கணக்குப் பார்த்தது. அதில ஸ்டீல் தந்தியப் போட்டு முறுக்காதீங்க, மேல் பலகை அமந்திரும். ஒரு பிள்ளைக்குச் செஞ்சு குடுத்து ரெண்டு மாசத்தில அப்பிடி வந்திச்சு, பிழை எனக்கும்தான், எழுதிக் குடுத்திருக்கணும்.

உங்கட வயலின விரல் மொளியால விளிம்பு நெடுக மெல்லத் தட்டிப் பாருங்க. நல்ல இடம் டக் டக் எண்டும், விட்ட இடம் சடசட எண்டும், காதுக்கே விளங்கும். அப்பிடி எண்டா நாலு தந்தியையும் கொஞ்சம் கொஞ்சமாத் தளத்துங்க, முழுசாக் கழட்டாதீங்க, உள்ள ஒட்டாம நிக்கிற சவுண்ட் போஸ்ட் எண்ட சின்னக் குச்சி விழுந்திரும். மறுகா பெட்டியில வச்சுக் கொண்டாங்க. வாற வழியில பெட்டிய வெயிலுக்க பைக்கில விட்டுட்டு தேத்தண்ணி குடிக்கப் போயிராதீங்க, மிச்ச வச்சிரமும் விட்டுரும்.