கால்சியம் போட்டும் எலும்பு ஏன் முறிகிறது?

"பத்து வருஷமா கால்சியம் மாத்திரை போடறேனே டாக்டர், அப்புறம் எப்படி முறிஞ்சது?" நின்ற இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்து வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. எத்தனை முறைதான் பதில் சொல்வது! இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன். இப்படி எலும்பு வலுவிழந்து எளிதில் முறிவதுதான் எலும்புப்புரை.

எலும்பு உயிருள்ள திசு. வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழ 10 சதவீதம் ஆண்டுதோறும் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. இடிப்பது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல். எலும்பின்மேல் அப்பிக்கொண்டு, விளிம்பைச் சுற்றிலும் இறுக அடைத்து, அடியில் அமிலத்தைச் சுரக்கும். தாது உப்புகள் கரையும்; மிஞ்சிய கொலாஜன் என்ற புரத நாரை நொதிகள் அரித்துவிடும். ஒரு குழி பறிக்க இரண்டு, மூன்று வாரம் போதும். அதை நிரப்ப, கட்டும் செல்லான ஆஸ்டியோபிளாஸ்டுக்கு மூன்று, நான்கு மாதமாகும். முதலில் கொலாஜன் பின்னல், அதன்மேல்தான் கால்சியம் படியும்.

செங்கல்லைக் கொட்டிவிட்டால் சுவர் எழும்பிவிடுமா? கொத்தனார் வேண்டாமா? மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. இடிக்கும் செல்கள் பெருகுகின்றன, நீண்ட நாள் உயிரோடும் இருக்கின்றன. அவற்றைக் கால்சியம் மட்டும் கட்டிப்போடாது. ஸ்டீராய்டு மாத்திரையோ கட்டும் செல்களையே அழிக்கும். தொடங்கிய சில மாதங்களிலேயே முறிவு அபாயம் ஏறும். மூன்று மாதத்துக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால், "எலும்புக்கு என்ன பாதுகாப்பு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

(இன்னொன்று. முழங்கால் தேய்மானமும் எலும்புப்புரையும் ஒன்றல்ல. முன்னது வலிக்கும். பின்னது முறியும்வரை வாயே திறக்காது.)

கால்சியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளைக்கு 1,200 மி.கி. போதும். மாத்திரையில் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் வேண்டாம். கார்பனேட் வகையென்றால் சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி.

இடிப்பைத் தடுக்கும் மருந்து வேறு. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. என்றால், காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு. காப்பியோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். அடுத்த அரை மணி நேரம் வேறெதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கவும் கூடாது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம்.

இதே இடிப்பைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். "வலிதான் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். அலெண்ட்ரோனேட் எலும்பில் தங்கும்; இது தங்காது. வீரியம் தீர்ந்ததும், அடக்கி வைத்திருந்த இடிக்கும் செல்கள் மொத்தமாகக் கிளம்பும். சிலருக்கு முதுகெலும்பில் இரண்டு, மூன்று கட்டைகள் அடுத்தடுத்து நொறுங்குகின்றன, விழாமலேயே. ஒரு மாதத்துக்கு மேல் தாமதிப்பதே ஆபத்து. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு மருந்துக்கு மாற்றிய பிறகே நிறுத்த வேண்டும். ஊசி போட்ட அன்றே அடுத்த தேதியைக் குறித்து வாங்குங்கள். பல் பிடுங்கப் போனால் பல் மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். அதற்காக நீங்களே ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.