ஓட்டு எண்ணிக்கை சொல்லாத செலவு

கட்டற்ற மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் என்னைப் போன்றவர்களை ஓயாமல் துரத்தும் கேள்வி, "இந்த வசதியை எப்போது சேர்ப்பீர்கள்?" என்பதுதான். கேட்பவர்கள் பலர். நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். எதை முதலில் எடுப்பது என்று தெரியாதபோது ஒவ்வொரு கோரிக்கைக்கும் பயனர்கள் போட்ட ஓட்டு எண்ணிக்கையைப் பார்க்கிறோம். நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோட் மென்பொருளின் குழு இதை விதியாகவே வகுத்தது: 60 நாளில் 20 ஓட்டு வராத கோரிக்கை மூடப்படும். ஆயிரக்கணக்கில் கோரிக்கை குவியும் இடத்தில் அது நியாயம்தான்.

ஆனால் எத்தனை பேருக்கு ஆசை என்பதைத்தான் ஓட்டு சொல்லும். சேர்த்த பிறகு அதை யார் சுமப்பது என்பதைச் சொல்லாது. மென்பொருளில் நடப்பதை லாக்கில், அதாவது பதிவேட்டில், எழுதிவைக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு லாக்ஃபோர்ஜே. 2013இல் அதற்கு ஜேஎன்டிஐ தேடல் வசதியை (ஒரு பெயரைக் கொடுத்தால் வேறு சர்வரிலிருந்தும் தகவலை எடுத்துவருவது) கேட்ட பயனர், அதற்கான நிரல் மாற்றத்தையும், அதாவது பேட்ச்சையும், தானே எழுதிக் கொடுத்தார். நல்லெண்ணத்தோடு வந்தது, சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பரில் அதே வசதி வழியாக, லாக்கில் பதிவாகும் ஒரே ஒரு வரியை அனுப்பி சர்வரையே கைப்பற்றலாம் என்று தெரியவந்தது. ஆபத்து மதிப்பெண் 10க்கு 10. அன்றைக்குத் தூக்கமில்லாமல் சரிசெய்தவர்கள் தன்னார்வலர்கள். அதனால் பேட்ச்சோடு வரும் கோரிக்கையைத்தான் நான் அதிக நேரம் யோசிக்கிறேன். எழுதியவர் போன பிறகு இதை யார் பார்ப்பார்? வேண்டியவர்கள் மட்டும் தனியாக இணைத்துக்கொள்ளும் பிளக்இன்னாக வெளியே வைத்தால் போதாதா?

ஓட்டே கிடைக்காத கோரிக்கைகளும் உண்டு. திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவர் ஒரு பட்டனுக்குப் பெயர் இல்லை என்று எழுதுவார். அவருக்கு 20 ஓட்டு எங்கிருந்து வரும்? மற்றவர்களுக்கு அது கூடுதல் வசதி, அவருக்கோ அது இல்லாமல் மென்பொருளே இல்லை. தமிழில் உயிர்மெய் எழுத்தின் நடுவே கர்சர் போய் நிற்கும் சிக்கலும் இப்படித்தான். இவற்றை நான் வரிசையில் நிறுத்துவதில்லை, முதலில் எடுத்துவிடுகிறேன்.

வசதி கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தீர்வை எழுதாதீர்கள், எந்த வேலை எங்கே தடைப்படுகிறது என்று எழுதுங்கள். "எக்செல் ஏற்றுமதி வேண்டும்" என்று கேட்ட ஒருவரிடம் எதற்கு என்று விசாரித்தேன். அலுவலகத்துக்கு மாதக் கூட்டுத்தொகை மட்டும் காட்டினால் போதுமாம். இருக்கிற பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். அவர் வேலை முடிந்தது, எக்செல் கோரிக்கையை அவரே மூடினார்.