தொலைந்த எலும்புகளும் மிஞ்சிய ஏழு எண்களும்

1941 ஏப்ரல் மாதம். ஃபிஜியின் சுவா நகரில் மத்திய மருத்துவப் பள்ளியின் முதல்வர் டி. டபிள்யூ. ஹூட்லெஸ் ஒரு மரப்பெட்டியைத் திறக்கிறார். உள்ளே 13 எலும்புகள். வெயிலிலும் மழையிலும் கிடந்து அரித்துப்போனவை. வலது கன்னத்தெலும்பு உடைந்த மண்டையோடு, நான்கே பற்கள் மிஞ்சிய கீழ்த்தாடை, இடுப்பெலும்பின் ஒரு பாதி, கைகால் எலும்புகள் சில. ஒவ்வொன்றாக எடுத்து அளக்கிறார். மேற்கை எலும்பு 32.4 செ.மீ. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ஆரை எலும்பு 24.5 செ.மீ. முழங்காலுக்குக் கீழே, மேசையில் இடித்துக்கொண்டால் உயிர் போகிற மாதிரி வலிக்குமே, அந்த முன்கால் எலும்பு 37.2 செ.மீ. இந்த மூன்றோடு மண்டையோட்டில் எடுத்த நான்கு அளவுகள். ஆக ஏழு எண்கள்.

கடைசியில் அவர் எழுதிய முடிவு: இவை ஓர் ஆணின் எலும்புகள், நடுவயதைத் தாண்டியவர், கட்டையான உடல்வாகு, உயரம் சுமார் 5 அடி 5½ அங்குலம். அதோடு விஷயம் மூடப்பட்டது. எலும்புகள் பின்னர் தொலைந்துபோயின. காகிதத்தில் இருந்த எண்கள் மட்டும் தப்பின.

அந்த எலும்புகள் கிடைத்த இடம் பசிபிக் கடலில் ஆளில்லாமல் கிடந்த ஒரு பவளத்தீவு. அன்று அதன் பெயர் கார்ட்னர், இன்று நிக்குமரோரோ. கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது. அங்கே குடியேற்றத்தைக் கவனித்துவந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜெரால்டு கல்லகர் 1940இல் ஒரு மரத்தடியில் இவற்றைக் கண்டெடுத்தார். கூடவே ஒரு காலணி அடியின் துண்டு, கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியின் காலிப் பெட்டி, ஒரு புட்டி. பெண் காலணி போலிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இது அமேலியா ஏர்ஹார்ட்டாக இருக்கலாமோ என்று மேலிடத்துக்குத் தந்தி கொடுத்தார்.

ஏர்ஹார்ட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932இல் அட்லாண்டிக் கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதல் பெண். 1937இல் நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றக் கிளம்பினார். வழிகாட்டியாக ஃபிரெட் நூனன். ஜூன் 17 அன்று கராச்சியிலிருந்து கல்கத்தாவின் டம்டம்முக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். ஜூலை 2 அன்று நியூகினியின் லே நகரிலிருந்து புறப்பட்டார்கள். போகவேண்டிய இடம் 4,100 கிலோமீட்டருக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டர் நீளமே உள்ள ஹௌலாண்ட் தீவு. அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு வானொலியில் அவர் குரல் கேட்டது. எரிபொருள் குறைகிறது, தீவு கண்ணில் படவில்லை என்றார். கடைசியாக, 157–337 என்ற (பாகைகளில் சொன்ன திசை) கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறக்கிறோம் என்றார். அதற்குப் பிறகு குரல் இல்லை. அந்தக் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி நிக்குமரோரோவின் அருகே போகிறது. கல்லகரின் சந்தேகத்துக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு விவரம்தான்.

சரி, எலும்பை அளந்தால் உயரம் எப்படித் தெரிகிறது?

நீளமான கைகால் உள்ளவர்கள் பொதுவாக உயரமாக இருப்பார்கள். இந்தத் தொடர்பை ஒரு சமன்பாடாக எழுதிவிடலாம். 1899இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் அதைச் செய்தார். அவர் கையிலிருந்தது பிரான்சின் லியோன் நகரில் அளக்கப்பட்ட 50 ஆண்கள், 50 பெண்களின் சடலங்களின் அளவுகள், அவ்வளவே. ஆண்களுக்கான அவரது சூத்திரத்தில் மேற்கை எலும்பின் நீளத்தை 2.894ஆல் பெருக்கி 70.641ஐக் கூட்டவேண்டும். நீங்களே போட்டுப் பாருங்கள்: 32.4 × 2.894 + 70.641 = 164.4 செ.மீ. ஆரை எலும்புக்கு உரிய சூத்திரம் 166.1 தருகிறது, முன்கால் எலும்புக்கு உரியது 167.1. மூன்றின் சராசரி 165.9, அதாவது 5 அடி 5½ அங்குலத்தை ஒட்டி வருகிறது. ஹூட்லெஸ் எழுதியது அதேதான். அவர் கணக்கில் பிழை இல்லை. அன்று கையில் இருந்த கருவி அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறு அறிஞர் ஹவாய்க்குப் போய், இறந்த வீரர்களை அடையாளம் காணும் பணியில் இருந்தார். ராணுவ ஆவணத்தில் உயரம், மேசையில் எலும்பு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க அவ்வளவு பெரிய வாய்ப்பு அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. அந்தத் தரவுகளோடு பெண்களின் எலும்புத் தொகுப்பையும் சேர்த்து அவரும் கிளெசரும் 1952இல் புதிய சூத்திரங்களை வெளியிட்டார்கள். இது ஒரு வெள்ளையினப் பெண் என்று வைத்துக்கொண்டு அதே எண்களைப் போட்டால் மேற்கை எலும்பு 166.8 செ.மீ. தருகிறது, ஆரை எலும்பு 171.1. இரண்டிலும் பெரும்பாலும் நாலரை செ.மீ. வரை முன்பின் இருக்கலாம். ஏர்ஹார்ட்டின் விமானி உரிமத்தில் உயரம் 5 அடி 8 அங்குலம், கார் ஓட்டுநர் உரிமத்தில் 5 அடி 7. அதாவது 170 முதல் 173 செ.மீ. எலும்பு அதேதான், சூத்திரம் மாறியதும் ‘கட்டையான ஆள்’ காணாமல் போய்விட்டார்.

முன்கால் எலும்பை இந்த இரண்டாவது கணக்கில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்த எலும்பின் கீழ்முனையில் உள்கணுக்காலாகத் துருத்தி நிற்கும் பகுதியை டிராட்டர் சேர்க்காமல் அளந்திருக்கிறார் என்பது 1990களில் தெரியவந்தது. சேர்த்து அளந்த எலும்பை அவருடைய சூத்திரத்தில் போட்டால் இரண்டரை, மூன்று செ.மீ. கூடுதலாக வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் டென்னசி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஜான்ட்ஸ். நிக்குமரோரோ எலும்புகளின் கதையில் இனி முக்கியமானவர் அவர்தான்.

உயரம் போகட்டும், ஆணா பெண்ணா? இதற்கு நல்ல சாட்சி இடுப்பெலும்பு. பிரசவத்துக்கு வழிவிடவேண்டிய பெண்ணின் இடுப்பு, முன்புறம் கீழே அகன்று விரியும். ஆணுடையது குறுகிய கோணமாக இருக்கும். ஹூட்லெஸிடம் ஒரு பாதி மட்டுமே இருந்தது. பாதிக் கோணத்தை அளந்து முடிவுக்கு வந்தார். இடுப்பின் முன்பகுதியில் எந்த மூன்று அடையாளங்களைப் பார்த்தால் ஏமாறாமல் சொல்லலாம் என்பதை ஃபெனிஸ் 1969இல்தான் எழுதினார். ஹூட்லெஸைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் அளந்து எழுதிவைக்காமல் விட்டிருந்தால் இன்று பேசுவதற்கே ஒன்றும் இல்லை. அவருக்காக வாதாடுகிறவர்களும் உண்டு: கிராஸ், ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல், அவர் எலும்பை நேரில் பார்த்தவர், ஆண் என்ற அவர் முடிவைத் தள்ளக் காரணமில்லை என்று எழுதினார்கள்.

அதற்குப் பதில் சொல்லும் விதமாக ஜான்ட்ஸ் 2018இல் வெளியிட்ட கட்டுரையில் கேள்வியையே மாற்றினார். இந்த எலும்புகள் ஆணா பெண்ணா என்று கேட்காமல், இந்த அளவுகள் ஏர்ஹார்ட் என்ற ஒரு குறிப்பிட்ட மனிதரின் உடலோடு எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று கேட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆனால் ஏர்ஹார்ட்டின் எலும்பு நம்மிடம் இல்லையே? உயிரோடிருந்தபோது எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. அளவு தெரிந்த ஒரு பொருளோடு அவர் நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பொருளின் உண்மை அளவு தெரிந்தால் படத்தில் ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கிடலாம். அப்புறம் தோள்மூட்டு, முழங்கை, மணிக்கட்டு எங்கே என்று குறித்து மேற்கை, முன்கை நீளங்களை எடுக்கலாம். கை கொஞ்சம் கேமரா பக்கம் சாய்ந்திருந்தாலும் நீளம் சுருங்கித் தெரியும் என்பதால் படத்தைப் பொறுக்குவதிலேயே பாதி வேலை இருக்கிறது. காலுக்கு வேறு வழி. அவரது உடைகள் பர்டூ பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பழங்கால உடைகளில் தேர்ந்த தையற்கலைஞர் ஒருவர் ஏர்ஹார்ட்டின் கால்சட்டையை எடுத்து, கவட்டிலிருந்து கீழ்விளிம்பு வரையான உள்கால் நீளத்தையும் இடுப்புச் சுற்றளவையும் அளந்தார். தையற்கடையில் நமக்கு எடுக்கிற அதே அளவுகள். அதிலிருந்து முன்கால் எலும்பின் நீளத்தை ஊகித்தார்கள்.

கையின் விகிதமும் கவனிக்கத்தக்கது. ஹூட்லெஸின் எண்களில் 24.5ஐ 32.4ஆல் வகுத்தால் 0.756. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் சராசரி சுமார் 0.73. ஏர்ஹார்ட்டின் படத்திலிருந்து கிடைத்தது 0.76. அவருக்கு முன்கை சற்று நீளம்.

இப்போது இரண்டு மனிதர்களின் அளவுகள் ‘எவ்வளவு நெருக்கம்’ என்பதை ஒரே எண்ணில் சொல்லவேண்டும். இங்கேதான் கல்கத்தா மறுபடி வருகிறது. 1920இல் நாகபுரியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் நெல்சன் அனன்டேல் என்பவர், கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடல் அளவுகளை ஆராய்ந்து தரும்படி புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸிடம் கேட்டார். அந்த வேலையில் முளைத்த யோசனை 1936இல் ‘மகலனோபிஸ் தொலைவு’ என்ற சூத்திரமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏர்ஹார்ட் அதே ஊரில் மழையில் ஊறிய ஓடுதளத்திலிருந்து சிரமப்பட்டு மேலெழுந்தார்.

அந்தத் தொலைவு என்ன செய்கிறது? 165 செ.மீ. உயரம், 65 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் 175 செ.மீ., 75 கிலோ. மூன்றாமவர் 175 செ.மீ., 55 கிலோ. வெறும் வித்தியாசத்தைக் கூட்டினால் இருவரும் முதலாமவரிடமிருந்து ஒரே தொலைவில் இருக்கிறார்கள். ஆனால் உயரம் கூடினால் எடையும் கூடுவது சகஜம். உயரம் கூடி எடை இவ்வளவு குறைவது அபூர்வம். மகலனோபிஸ் தொலைவு இந்தச் சகஜத்தையும் அபூர்வத்தையும் கணக்கில் எடுத்து, மூன்றாமவரை வெகுதூரத்தில் வைக்கும். எலும்பிலும் அப்படித்தான்: மேற்கை நீண்டால் முன்கையும் நீளும் என்பது எதிர்பார்த்தது, எதிர்பார்ப்பை மீறுகிற பகுதியில்தான் ஆளின் அடையாளம் இருக்கிறது.

ஜான்ட்ஸ் 2,776 பேரின் எலும்பு அளவுகளை எடுத்து, நிக்குமரோரோ எலும்புகளிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட்டார். ஏர்ஹார்ட்டையும் அந்த வரிசையில் நிறுத்தினார். அவருக்குக் கிடைத்தது 19ஆவது இடம். அவரைவிட நெருங்கியவர்கள் 18 பேர்தான். மற்ற 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தொலைவில் இருந்தார்கள். இன்னொரு வகையில் கணக்கிட்டபோது, இந்த அளவுகள் யாரோ ஒருவருடையதாக இருப்பதைவிட ஏர்ஹார்ட்டுடையதாக இருப்பதற்குக் குறைந்தது 84 மடங்கு பொருந்திவருகின்றன என்று கண்டார்.

பல செய்தித்தாள்கள் உடனே ‘99 சதவீதம் ஏர்ஹார்ட்தான்’ என்று எழுதிவிட்டன. அது தவறு, ஏன் என்று சொல்லியாகவேண்டும். கல்யாண மண்டபத்து வாசலில், எல்லோரும் போனபின் ஒரு செருப்பு மட்டும் மிஞ்சிக் கிடக்கிறது. பதினோராம் நம்பர், பெரிய செருப்பு. உங்கள் பெரியப்பாவுக்கு அதே அளவு. நூறு பேரில் ஒருவருக்குத்தான் அந்த அளவு இருக்கும். அப்படியானால் அது பெரியப்பாவின் செருப்பா? அவர் கல்யாணத்துக்கு வந்திருந்தால் அநேகமாக ஆமாம். அவர் ஊரிலேயே இல்லையென்றால் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தினாலும் அவருடையது அல்ல. 84 என்பது செருப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண். பெரியப்பா வந்தாரா என்பதை அது சொல்லாது.

ஏர்ஹார்ட் அந்தத் தீவில் இறங்கியிருக்கப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்று முன்பே நம்பினால், 84ஆல் பெருக்கியபின் சாதகமும் பாதகமும் 84க்கு 9 என்று ஆகிறது, அதாவது சுமார் 90 சதவீதம். நூறில் ஒரு பங்குதான் என்று நம்பினால் 84க்கு 99; பாதிக்கும் கீழே. அத்தீவில் கால்வைத்தவர் அவர் மட்டுமல்ல. 1929இல் நார்விச் சிட்டி என்ற சரக்குக் கப்பல் அங்கே பவளப்பாறையில் மோதி 11 பேர் இறந்தார்கள். பசிபிக் தீவுவாசிகளும் அக்கடலில் காலங்காலமாகப் பயணம் செய்தவர்கள். விமானம் ஹௌலாண்ட் அருகே கடலில் விழுந்தது என்று நினைக்கிற வல்லுநர்களும் நிறைய. என் மனச்சாய்வைக் கேட்டால், எலும்பின் பொருத்தம், காலணித் துண்டு, செக்ஸ்டன்ட் பெட்டி மூன்றும் ஒரே மரத்தடியில் இருந்ததை என்னால் எளிதாக ஒதுக்க முடியவில்லை. நிரூபணம் என்று சொல்லவும் முடியாது.

நிரூபணம் தேடிப் போனவர்களும் உண்டு. 2010இல் தீவில் கிடைத்த சின்ன எலும்புத்துண்டு விரலெலும்பு போலத் தெரிந்தது; ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் டிஎன்ஏ பார்த்தும் மனிதனுடையதா ஆமையுடையதா என்பதுகூடத் தீரவில்லை. அங்கே வெப்பமும் ஈரமும் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன. தென்னை நண்டுகள் வேறு. ஒரு பன்றியின் உடலைப் போட்டுச் சோதித்தபோது நண்டுகள் இரண்டு வாரத்தில் சதையைத் தின்று தீர்த்தன, எலும்புகளையும் இழுத்துக்கொண்டு போயின. கல்லகருக்கு முழு எலும்புக்கூடு கிடைக்காததன் காரணம் இதிலிருந்து புரிகிறது. 2017இல் மனித உடலின் வாடையை மோப்பம் பிடிக்கப் பழகிய நான்கு நாய்களைக் கொண்டுபோனார்கள். அவை காட்டிய இடத்து மண்ணை எடுத்தும் முடிவு கிடைக்கவில்லை.

கல்லகர் அந்த எலும்புகளை அனுப்பிய பெட்டி, தீவிலேயே காயலோரம் வளர்ந்த கனாவா மரத்தில் செய்தது. அந்த மரம், எலும்புகள் கிடந்த இடத்துக்கு அதிகத் தூரமில்லாமல் நின்றதாம். அதை அவரே எழுதியிருக்கிறார். 1941 செப்டம்பரில் அவரும் அதே தீவில் காலமானார். 1990களின் இறுதியில் பழைய ஆவணங்களிலிருந்து அவரது தந்திகளும் ஹூட்லெஸின் குறிப்பும் மீண்டும் வெளிவந்ததிலிருந்து ஃபிஜியில் அந்தப் பெட்டியைத் தேடுகிறார்கள். அது கிடைத்தால் கீழ்த்தாடையின் நான்கு பற்களில் ஒன்று போதும். எனாமல் மூடிக் காக்கும் பல்லின் உள்பகுதியில் டிஎன்ஏ நெடுநாள் தாங்கும். தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை அதிலிருந்து பிரித்து, ஏர்ஹார்ட்டின் தங்கை முரியலின் மகள்வழி வந்தவர்களுடையதோடு ஒப்பிடலாம். பல இடங்களில் ஒத்துப்போகவில்லையென்றால் அந்த எலும்புகள் அவருடையவை அல்ல. ஒத்துப்போனால், அந்த டிஎன்ஏ பொருத்தம் எவ்வளவு அரிது என்று சொல்லும் எண்ணை 84ஓடு பெருக்கிக்கொள்ளலாம்.