கட்டி தலையில், அறுவை வயிற்றில்

குஷிங் நோயின் வேர் மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கிறது. அங்கே முளைக்கும் கட்டி பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் அது ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை ஓயாமல் சுரப்பதால், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் இரு அட்ரீனல் சுரப்பிகளும் அதற்குப் பணிந்து கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை அளவு மீறிச் சுரக்கின்றன. முகம் உருண்டு திரள்கிறது, வயிற்றில் கருஞ்சிவப்பு வரிகள் விழுகின்றன, மாடிப்படி ஏற முடியாதபடி தொடைத் தசை தேய்கிறது. 1932இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்நோயைப் பிட்யூட்டரிக் கட்டியோடு இணைத்து விளக்கினார்.

மூக்கு வழியாகச் சென்று கட்டியை அகற்றுவதே முதல் சிகிச்சை. நோய் திரும்பினால் மறு அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்று வழிகள் உண்டு. ஆனால் கதிர்வீச்சு பலனளிக்க ஆண்டுகள் பிடிக்கலாம். அவை கைகொடுக்காதபோதும், நோய் உயிருக்கே ஆபத்தாக முற்றியபோதும், ஏவப்பட்ட வேலையைச் செய்ததைத் தவிர வேறு குற்றம் அறியாத அட்ரீனல்கள் இரண்டையும் எடுத்துவிடுகிறார்கள்.

இன்று இது பெரும்பாலும் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையில், வயிற்றின் வழியாகவோ முதுகுப்புறமாகவோ செய்யப்படுகிறது. வலப்பக்கமே அதிக எச்சரிக்கை கோருவது; அங்குள்ள அட்ரீனல் சிரை மிகக் குட்டையானது, உடலின் பெருஞ்சிரையில் நேரே கலப்பது என்பதால், அது கிழிந்தால் இரத்தப்போக்கு கடுமையாக இருக்கும். அட்ரீனல் திசுவில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் ஏசிடிஎச் அதைத் தூண்டி வளர்த்துவிடக்கூடும்.

கார்ட்டிசால் அறவே இல்லாமல் உயிர் தரிக்காது. ஆகவே அறுவையின்போதே கார்ட்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனை ஊசி வழியாகச் செலுத்தத் தொடங்கி, பின்னர் நாளொன்றுக்குச் சுமார் 15 முதல் 25 மில்லிகிராம் வரை, காலையில் கூடுதலாகப் பிரித்து, ஆயுள் முழுதும் மாத்திரையாகத் தருகிறார்கள். உப்புச் சமநிலைக்கு ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் என்னும் மருந்தும் வேண்டும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி போட வேண்டும். தவறினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஒரு நோயைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும் பேரம்தான் இது; ஆனால் வாங்கிய நோயை மாத்திரையால் ஆள முடியும் என்பதே இதன் நியாயம். மிகையான கார்ட்டிசாலுக்குப் பழகிய உடல் அதை இழந்ததும், குணமானவரே மூட்டுவலியாலும் அசதியாலும் மாதக்கணக்கில் அவதிப்படுவதுண்டு.

தலையிலுள்ள கட்டியோ அப்படியே இருக்கிறது. மிகை கார்ட்டிசாலின் கட்டுப்பாடு நீங்கியதும் சிலருக்கு அது வளர்ந்து, ஏசிடிஎச் பெருகி, உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் பழைய தழும்புகளும் கறுக்கின்றன. 1958இல் விவரிக்கப்பட்ட இந்த நிலைக்கு நெல்சன் சிண்ட்ரோம் என்று பெயர். வளரும் கட்டி பார்வை நரம்பை அழுத்தக்கூடும் என்பதால், அட்ரீனல்கள் போன பின்னும் ஏசிடிஎச் அளவையும் எம்ஆர்ஐ படத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருகிறார்கள்.